மக்காச்சோளத்துக்கு வழிவிட்ட நூலகம் - இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கதை



மூன்றாம் ஆண்டு முடிந்தால் போதும், எந்த விடுதி அறைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "மச்சி, எம்.எஸ். எங்கே அப்ளை பண்றே?" கணினி, மின்னணுவியல் படிக்கும் நம்ம ஆட்களின் பட்டியலில் ஒரு பெயர் கட்டாயம் இருக்கும்: யு.ஐ.யு.சி. அதாவது அர்பானா-ஷாம்பெயினில் இருக்கும் இல்லினாய் பல்கலைக்கழகம். (கடைசி 'ஸ்' உச்சரிக்கக் கூடாதாம். அதேபோல ஷாம்பெயின் ஊரின் பெயர்தான், பாட்டில் இல்லை!)

அதன் தரவரிசையும் கட்டணமும் நமக்குத் தலைகீழ்ப் பாடம். அதை யார் ஆரம்பித்தார்கள், யாருக்காக ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒருநாள் ஒரு சின்னத் தகவல் கண்ணில் பட்டது.

அந்த வளாகத்தின் நடுவே ஒரு சிறு மக்காச்சோளக் கொல்லை இருக்கிறது. 1960களில் அதற்குப் பக்கத்தில் இளநிலை மாணவர்களுக்கு ஒரு நூலகம் கட்ட முடிவு செய்தார்கள். உயரமாகக் கட்டினால் நிழல் கொல்லையின் மேல் விழும், சோளத்துக்கு வெயில் போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? நூலகத்தைப் பூமிக்கு அடியில் இரண்டு தளமாகக் கட்டிவிட்டார்கள்! 1969இல் திறந்த அந்த நூலகம் 2022 வரை மண்ணுக்குள்ளேயே இயங்கியது.

ஒரு சோளக்கொல்லைக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றியது. அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

படிப்பு யாருக்கு?

1850 வாக்கில் அமெரிக்கக் கல்லூரி என்றால் லத்தீன், கிரேக்கம், இறையியல், கொஞ்சம் கணிதம். படித்து வெளியே வருபவர் பாதிரியார் ஆவார், வக்கீல் ஆவார், மருத்துவர் ஆவார். நாட்டு மக்களில் பெரும்பாலோர் விவசாயிகள். அவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வேலையே இல்லை. மண்ணைப் பற்றியோ இயந்திரத்தைப் பற்றியோ சொல்லித்தரும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இது தவறு என்று சொன்னவர்களில் ஒருவர் ஜொனாதன் பால்ட்வின் டர்னர். யேல் கல்லூரியில் படித்துவிட்டு இல்லினாய் மாநிலத்தின் ஜாக்சன்வில் ஊரில் பேராசிரியராக இருந்தவர். அடிமை முறையை எதிர்த்தவர். மதம் பற்றியும் மனதில் பட்டதைப் பேசுபவர். விளைவு, 1848இல் வேலையை விட நேர்ந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. ஓசேஜ் ஆரஞ்ச் என்ற முள்மரத்தை வேலியாக வளர்க்க விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மரமே இல்லாத அந்தப் புல்வெளிப் பிரதேசத்தில் வேலி போடக் கட்டை கிடைக்காது. முள்கம்பி வருவதற்கு முந்தைய காலம். அதனால் இந்த உயிர்வேலி பெரிய உதவி.

1851இல் கிரான்வில் என்ற ஊரில் நடந்த விவசாயிகள் மாநாட்டில் டர்னர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். உழைக்கும் மக்களுக்கென்று ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், அதில் பண்ணை, பட்டறை, ஆய்வுக்கூடம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1853இல் இல்லினாய் சட்டமன்றமே இதை ஏற்று, இதற்காக மத்திய அரசு நிலம் ஒதுக்க வேண்டும் என்று காங்கிரசுக்குத் தீர்மானம் அனுப்பியது. (இங்கே காங்கிரஸ் என்றால் அமெரிக்க நாடாளுமன்றம். நம்ம ஊர்க் கட்சியைத் தேடாதீர்கள்!)

இதைச் சட்டமாக்கியவர் வெர்மான்ட் மாநிலத்து உறுப்பினர் ஜஸ்டின் மொரில். கொல்லர் ஒருவரின் மகன். கல்லூரிப் படியே ஏறாதவர், கடை வைத்துப் பிழைத்தவர். 1857இல் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறியும், 1859இல் ஜனாதிபதி புக்கானன் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. எதிர்ப்புத் தெரிவித்துவந்த தென் மாநிலங்கள் பிரிந்துபோனதால் அவையில் வழி சுலபமானது. 1862 ஜூலை 2ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அதுதான் மொரில் சட்டம்.

வேளாண்மை, இயந்திரத் தொழில், இராணுவப் பயிற்சி ஆகியவற்றைச் சொல்லித்தரும் கல்லூரி ஒன்றாவது ஒவ்வொரு மாநிலத்திலும் வேண்டும் என்றது சட்டம். மற்ற அறிவியலையும் இலக்கியத்தையும் ஒதுக்கவும் கூடாது என்றது. இப்படிப் பிறந்தவற்றைத்தான் 'நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள்' என்கிறார்கள்.

கொடை சரி, நிலம் யாருடையது?

கணக்கு எளிது. காங்கிரசில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர். இல்லினாய்க்கு அப்போது 14 பிரதிநிதிகள், 2 செனட்டர்கள். ஆக 16 பேர். 4,80,000 ஏக்கர். இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல நான்கரை மடங்கு!

இந்த நிலத்தில் கல்லூரி கட்டச் சொல்லவில்லை. நிலத்தை விற்று, வரும் பணத்தை முதலீடு செய்து, வட்டியில் கல்லூரியை நடத்த வேண்டும். அசலைத் தொடக் கூடாது, கட்டடமும் கட்டக் கூடாது. இல்லினாய்க்குள் அவ்வளவு அரசு நிலம் மிச்சம் இல்லாததால் மேற்கே வேறு இடங்களில் எடுத்துக்கொள்ளும் உரிமைப் பத்திரங்களாகக் கொடுத்தார்கள். எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் பத்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? விலை விழுந்தது. அரசு நிலத்தின் வழக்கமான விலை ஏக்கருக்கு 1.25 டாலர். இல்லினாய் தன் பத்திரங்களில் பெரும்பகுதியை ஏக்கருக்கு ஒரு டாலர்கூடப் பெறாமல் தரகர்களிடம் விற்றது. சுமார் 25,000 ஏக்கரை மட்டும் மினசோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் தானே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, பின்னால் நல்ல விலைக்கு விற்றது.

நியூயார்க் மாநிலத்தில் எஸ்ரா கார்னெல் என்ற பணக்காரர் இன்னும் சாமர்த்தியசாலி. பத்திரங்களைத் தானே வாங்கி, விஸ்கான்சினில் பைன் மரக்காடுகளாகப் பார்த்துப் பிடித்துவைத்து, விலை ஏறும்வரை காத்திருந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு அதில் கடைசியாகக் கிடைத்தது சுமார் 50 லட்சம் டாலர்.

நான் பார்த்த பழைய அறிமுகக் குறிப்புகள் பல இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. 'அரசு நிலம் கொடுத்தது, கல்வி வளர்ந்தது, சுபம்.'

ஆனால் அரசுக்கு அந்த நிலம் எப்படி வந்தது? பூர்வகுடிகளிடமிருந்து. சில இடங்களில் ஒப்பந்தம் போட்டு அற்பத் தொகை கொடுத்தார்கள். சில இடங்களில் ஒன்றுமே கொடுக்கவில்லை. பல இடங்களில் ஒப்பந்தத்துக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தது. மினசோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மொரில் சட்டம் கையெழுத்தான அதே 1862இல், அடுத்த மாதமே, அங்கே டகோட்டா மக்கள் போரில் இறங்கினார்கள். நிலத்துக்காகத் தருவதாகச் சொன்ன பணம் வந்து சேரவில்லை, பட்டினி. போர் தோல்வியில் முடிந்தது. டிசம்பர் 26ஆம் தேதி மன்கேட்டோ ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் நடந்த மிகப் பெரிய தூக்குத் தண்டனை அதுதான். அந்தப் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுத்தவரும் லிங்கன். நீதிமன்றம் தண்டித்த 303 பேரில் பெரும்பாலோரின் உயிரை அவர் காப்பாற்றினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உழைக்கும் மக்களுக்குக் கல்லூரி, டகோட்டாக்களுக்குத் தூக்குமேடை. இரண்டுமே அந்த ஒரே ஆண்டில்தான்.

2020இல் ஹை கன்ட்ரி நியூஸ் என்ற இதழ் பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாகத் தேடி ஒரு கணக்கு வெளியிட்டது. மொரில் சட்டத்தின் கீழ் 52 பல்கலைக்கழகங்களுக்குப் பயன்பட்ட நிலம் சுமார் 1 கோடியே 7 லட்சம் ஏக்கர். அது ஏறத்தாழ 250 பூர்வகுடிச் சமூகங்களிடமிருந்து வந்தது. அதற்குப் பிறகு நிலக்கொடை என்ற சொல்லையே பலர் யோசித்துத்தான் உச்சரிக்கிறார்கள்.

'யானை'யில் தொடங்கிய கல்லூரி

சரி, இல்லினாய்க்குத் திரும்புவோம்.

பணம் வந்தது. கல்லூரி எந்த ஊரில்? ஊர்களுக்கிடையே ஏலம் மாதிரியே நடந்தது. டர்னரின் ஜாக்சன்வில் ஊரும் போட்டியில் இருந்தது. ஷாம்பெயின் மாவட்டத்தை விட அதிகம் தர முன்வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஷாம்பெயின் தரப்பில் கிளார்க் கிரிக்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் இருந்தார். தலைநகரில் உட்கார்ந்து விருந்து வைத்து, ஆள் பிடித்து, வாக்குச் சேர்த்தார். (அரசியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல!) 1867 பிப்ரவரி 28 அன்று 'இல்லினாய் தொழிற் பல்கலைக்கழகம்' அர்பானாவுக்கு என்று முடிவானது. டர்னரின் ஊருக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்கென்று கட்டிய பெரிய கட்டடம் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் அதை 'யானை' என்று அழைத்தார்கள். 1868 மார்ச் 2ஆம் தேதி அந்த யானைக்குள்தான் வகுப்புகள் தொடங்கின. முதல் பருவத்தில் மொத்தம் 77 மாணவர்கள். எல்லோரும் ஆண்கள்.

முதல் தலைவர் ஜான் மில்டன் கிரெகரி. அவரைச் சுற்றித்தான் முதல் சண்டையும். எங்கள் பிள்ளைகளுக்கு உழவும் தொழிலும் சொல்லிக்கொடுங்கள், லத்தீன் எதற்கு என்று விவசாயிகள் கேட்டார்கள். விவசாயி மகனுக்கு வரலாறும் இலக்கியமும் மொழியும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று கேட்டார் கிரெகரி. பத்திரிகைகளில் அவரைத் திட்டாத நாள் குறைவு. அவர் அசையவில்லை. 'கற்றலும் உழைப்பும்' என்பது பல்கலைக்கழகத்தின் முழக்கம். ஆரம்ப ஆண்டுகளில் மாணவர்கள் தோட்டத்திலும் பண்ணையிலும் வேலை செய்ய வேண்டும், சீருடையில் அணிவகுப்பும் உண்டு.

1870இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1885இல் பெயரிலிருந்து 'தொழில்' என்ற சொல்லை எடுத்தார்கள். காரணம் சுவாரசியமானது. அந்தக் காலத்தில் தொழிற்பள்ளி என்றால் தப்புச் செய்த சிறுவர்களை அடைத்துவைக்கும் சீர்திருத்தப் பள்ளி என்று பொருள் கொள்வார்கள். பட்டதாரி என்று சொல்லிக்கொண்டு போனால் 'எத்தனை வருஷம் உள்ளே இருந்தே?' என்கிற மாதிரி பார்த்தால் பாவம், மாணவர்கள் என்ன செய்வார்கள்! இப்படித்தான் அது இல்லினாய் பல்கலைக்கழகம் ஆனது.

கிரெகரியின் கல்லறை இன்றும் வளாகத்துக்குள்தான் இருக்கிறது.

கொல்லை சொன்ன பாடம்

இப்போது அந்தச் சோளக்கொல்லை.

இல்லினாய் மண் கன்னங்கரேல் என்று இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல் வளர்ந்து மக்கிய மண். 'இந்த மண்ணுக்கு உரமா? எவ்வளவு எடுத்தாலும் வற்றாது' என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. உண்மையா என்று பார்க்க 1876இல் மேன்லி மைல்ஸ் என்ற பேராசிரியர் சோதனை வயலைத் தொடங்கினார். ஜார்ஜ் மாரோ அதை விரிவாக்கினார். அதனால் பெயர் 'மாரோ வயல்கள்'. முதலில் அரை ஏக்கர் வீதம் பத்துத் துண்டுகள். வளாகம் வளர வளரக் கொல்லை சுருங்கி, இன்று மூன்று மிஞ்சியிருக்கின்றன.

சோதனை மிக எளிமையானது. ஒரு துண்டில் ஆண்டுதோறும் மக்காச்சோளம் மட்டும். இன்னொன்றில் மக்காச்சோளமும் வேறொரு பயிரும் மாறி மாறி. மூன்றாவதில் இன்னும் நீண்ட பயிர்ச் சுழற்சி, இடையில் மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும் தீவனப் பயிர். சில பகுதிகளுக்கு உரம் உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. அவ்வளவுதான். ஆனால் இதை 1876இலிருந்து விடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அமெரிக்காவிலேயே பழைய சோதனை வயல் இதுதான். உலக அளவில் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் இதற்கு மூத்தது. 1968இல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

முடிவு என்ன? எதையும் திருப்பிப் போடாமல் சோளத்தை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்த துண்டில் மண்ணின் சத்து இறங்கியது, விளைச்சலும் சரிந்தது. பயிரை மாற்றி, எருவும் உரமும் இட்ட துண்டு நன்றாக விளைந்தது. எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், எடுப்பதற்கு ஈடாகப் போடவும் வேண்டும்.

நம்ம ஊர் விவசாயி இதைக் கேட்டால் சிரிப்பார். 'இதுக்கு நூறு வருஷம் ஆராய்ச்சியா?' ஆனால் நம்பிக்கையை எண்களாக்கி, ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவ ஒரு நிலையான இடம் வேண்டும். ஆட்சி மாறினாலும் பேராசிரியர் ஓய்வு பெற்றாலும் தொடர வேண்டும். தனி மனிதனால் முடியாது. உடனே லாபம் தராததால் எந்த நிறுவனமும் செய்யாது. பொதுப் பல்கலைக்கழகம் எதற்கு என்பதற்கு இதை விட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

1887இல் ஹேட்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நடத்த ஆண்டுக்கு 15,000 டாலர். 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம். ஆய்வில் கண்டதை விவசாயியின் வாசலுக்கே கொண்டுபோய்ச் சொல்லும் விரிவாக்கப் பணிக்கு நிதி. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்ற மூன்று கால்களும் இப்படித்தான் வந்தன.

வயலிலிருந்து வலைக்கு

இருபதாம் நூற்றாண்டில் அதே இடத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

1922இல் ஜோசஃப் டிகோசினர் என்ற பேராசிரியர் படச்சுருளிலேயே ஒலியைப் பதிவு செய்து காட்டினார். பேசும் படங்கள் திரையரங்குகளைப் பிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு.

1952இல் இல்லியாக் என்ற கணினி. சுமார் 2,800 வெற்றிடக் குழாய்கள். அமெரிக்காவில் ஒரு கல்வி நிறுவனம் தானே கட்டித் தானே சொந்தமாக வைத்துக்கொண்ட முதல் கணினி இது. 1957இல் இதைக் கொண்டு இசைகூட அமைத்தார்கள்.

1951இல் ஜான் பார்டீன் இங்கே வந்து சேர்ந்தார். டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல். இல்லினாயில் லியான் கூப்பர், ராபர்ட் ஷ்ரீஃபர் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய மீக்கடத்துக் கோட்பாட்டுக்காக 1972இல் மறுபடி நோபல். இயற்பியலில் இருமுறை நோபல் வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

1960இல் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி முறை. அதற்காக 1964இல் பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தார்கள். 1970களிலேயே அதில் அரட்டை, விவாதப் பலகை, விளையாட்டு எல்லாம் வந்துவிட்டன. பாடத்தை விட அரட்டைக்குத்தான் கூட்டம் அதிகமாக இருந்திருக்கும், சந்தேகமே இல்லை :-)

1993இல் மொசைக். படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் தெரிய, சாதாரண மனிதனும் இணையத்தில் உலாவ வழிவகுத்த உலாவி. மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் இங்குள்ள சூப்பர் கணினி மையத்தில் எழுதியது. அந்த மையத்துக்கு நிதி மக்களின் வரிப்பணம். அடுத்த ஆண்டே ஆண்ட்ரீசன் கலிஃபோர்னியா போய் நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கக் காரணமானார், பணம் கொட்டியது. பொதுப்பணத்தில் விதைத்தது, அறுவடை வேறிடத்தில். இது இல்லினாயில் மட்டும் நடந்த கதையில்லை.

வரிப்பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இல்லியாக் வரிசையில் நான்காவது கணினிக்குப் பணம் வந்தது பாதுகாப்புத் துறையிடமிருந்து. வியட்நாம் போர்க் காலம். 1970இல் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் அந்தக் கணினி வளாகத்துக்கு வரவே இல்லை. கலிஃபோர்னியாவில் உள்ள நாசா மையத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

எல்லோருக்கும் என்றால் யாருக்கு?

உழைக்கும் மக்களுக்கான பல்கலைக்கழகம் என்றுதானே தொடங்கினார்கள்? கறுப்பின மாணவர் ஒருவர் முதன்முதலில் சேர்ந்தது 1887இல். முதல் கறுப்பினப் பட்டதாரி வெளியே வந்தது 1900இல். 1940கள் வரை அவர்களுக்கு விடுதியில் இடம் கிடையாது. ஊருக்குள் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். தென் மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம். 1890இல் வந்த இரண்டாம் மொரில் சட்டம், 'இன பேதம் பார்க்காதே, அல்லது கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி வை' என்றது. தென் மாநிலங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தன.

1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில், மாணவர்களின் வற்புறுத்தலால் இல்லினாயில் 'திட்டம் 500' வந்தது. ஒரே ஆண்டில் 500 கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களைச் சேர்ப்பதாக ஏற்பாடு. 500ஐத் தாண்டியே வந்தார்கள். வந்தவர்களுக்கு அறை ஒதுக்கீட்டிலும் உதவித்தொகையிலும் குளறுபடி. செப்டம்பரில் மாணவர் மன்றக் கட்டடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கைது! வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போலீஸ் வண்டி. ஆனால் ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுகளும் பண்பாட்டு மையமும் அங்கே வேர்விட்டது அந்தத் தலைமுறையால்தான்.

பூர்வகுடிகள்? நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு அவர்களின் உருவத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 1926இலிருந்து கால்பந்துப் போட்டிகளின் இடைவேளையில் ஒரு மாணவர் இறகுக் கிரீடம் அணிந்து 'தலைவர் இல்லினிவெக்' என்று ஆடுவார். மாநிலத்துக்குப் பெயர் தந்த இல்லினாய் பழங்குடிகளின் வழித்தோன்றல்களான பியோரியா மக்கள் எப்போதோ ஓக்லஹோமாவுக்குத் தள்ளப்பட்டுவிட்டார்கள். 1980களின் கடைசியில் ஸ்போகேன் பழங்குடியைச் சேர்ந்த ஷார்லின் டீட்டர்ஸ் என்ற மாணவி தனியாளாகப் பதாகை பிடித்து நின்றார். அவரைத் திட்டினார்கள், எச்சில் துப்பினார்கள். அவர் நகரவில்லை. 2007 பிப்ரவரியில் அந்த ஆட்டம் நிறுத்தப்பட்டது.

நம்ம ஊர்ச் சொந்தம்

இந்தக் கதைக்கும் இந்தியாவுக்கும் நேரடி உறவு உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு, உணவுப் பற்றாக்குறைக் காலத்தில், நிலக்கொடை மாதிரியில் இங்கே வேளாண் பல்கலைக்கழகம் வேண்டும் என்று முடிவானது. அதற்கான வரைவை எழுதிக்கொடுத்தவர் இல்லினாயின் ஹெச்.டபிள்யூ. ஹன்னா. 1960 நவம்பர் 17 அன்று நேரு பந்த்நகரில் முதல் வேளாண் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்தார். இல்லினாய்ப் பேராசிரியர்கள் பல ஆண்டுகள் அங்கே தங்கிப் பணியாற்றினார்கள். அந்த வரிசையில் 1971இல் வந்ததுதான் கோவையில் உள்ள நமது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

இதில் ஒரு வேடிக்கை. கோவைப் பல்கலைக்கழகம் தன் மூலத்தை 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி என்று சொல்கிறது. இல்லினாயில் 'யானை' திறந்த அதே ஆண்டு! இன்னொன்று: கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலும் நூறாண்டைக் கடந்துவிட்டது. நமக்கும் ஒரு மாரோ வயல் இருக்கிறது. அந்தப் பக்கம் எத்தனை முறை பேருந்தில் போயிருப்போம், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாக

77 பேரோடு தொடங்கிய இடத்தில் 2024இல் மாணவர் எண்ணிக்கை 59,000ஐத் தாண்டியது. வெற்றிக் கதைதான். ஆனால் ஒரு காலத்தில் மாநில அரசின் நிதிதான் பெரிய தூண். இன்று அதை விட மாணவர் கட்டும் கட்டணம் பெரியது. 2015 ஜூலையிலிருந்து 2017 ஜூலை வரை இல்லினாய் அரசியல்வாதிகள் சண்டையில் மாநிலத்துக்கு முழு பட்ஜெட்டே இல்லாமல் போனது. பல்கலைக்கழகங்கள் தத்தளித்தன. 2019இலிருந்து குறைந்த வருமானமுள்ள உள்மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்று பல்கலைக்கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. டர்னர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மறுபக்கம், வெளிநாட்டிலிருந்து போகும் இளநிலை, முதுநிலை மாணவர்கள் கட்டும் அதிகக் கட்டணமும் அந்த வண்டியை ஓட்டுகிறது. அப்பாவின் சேமிப்பும் வங்கிக் கடனுமாகப் போகும் நம்ம ஆட்களும் அதில் அடக்கம்.

மாரோ வயல் சொன்னதைத்தான் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொண்டே இருந்தால் எந்த மண்ணும் வற்றும். டகோட்டாக்களிடம் எடுத்ததற்கு இன்னும் யாரும் ஈடு செய்து முடிக்கவில்லை. மொசைக்கை எடுத்துக்கொண்டு போன சந்தை எவ்வளவு திருப்பிப் போட்டது? வரி கட்டிய விவசாயியின் பேரப்பிள்ளைக்கு அந்தக் கதவு எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது? இந்தக் கேள்விகள் அர்பானாவுக்கு மட்டும் உரியவை இல்லை. குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, 'அரசுக் கல்லூரியெல்லாம் எதுக்குடா' என்று பேசுகிறோமே, நமக்கும்தான்.

அதனால் மக்களே, உங்களில் யாராவது அங்கே படிக்கப் போனால், ஆய்வகத்துக்கு ஓடும் வழியில் அந்தக் கொல்லையருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். எனக்காக ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். போகாதவர்கள் கோவைக்காவது ஒருமுறை போய் வருவோம். நானும் இன்னும் அந்த வயலைப் பார்த்ததில்லை.